காலில் எடுத்தது நரம்பு இல்லை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பைபாஸ் முடிந்து அண்ணன் எழுந்து நடக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதில் ஒரு வரி மட்டும் என்னைச் சிரிக்க வைத்துவிட்டது: “நெஞ்சுக்காகக் கால் நரம்பை எடுத்துவிட்டார்களே, இனி கால் மரத்துப்போகாதா?” உயிரியல் வகுப்பில் என் முதுகை மறைப்பாக வைத்துத் தூங்கியவன் நீதானே!

தப்பு உன்மேல் மட்டும் இல்லை. நம் பேச்சே அப்படி. கையில் புடைத்துத் தெரிவதும் நரம்பு, ஊசி போடுவதும் நரம்பில், காலில் சுருண்டு கிடப்பதும் நரம்புச் சுருட்டல் என்கிறோம். மூன்றுமே சிரைதான், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அண்ணனுக்கு எடுத்திருப்பது, கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடைவரை தோலுக்கு அடியில் ஏறும் நீளமான சிரை. அது போனாலும் உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரைகள் ரத்தத்தை மேலே அனுப்பிவிடும். ஆனால் அதை ஒட்டியே, தொடு உணர்வைக் கடத்தும் மெல்லிய நிஜ நரம்பு ஒன்றும் ஓடுகிறது. அது அடிபட்டால் தையலைச் சுற்றிக் கொஞ்சம் மரத்துப்போவது உண்டு. அந்த அளவுக்கு நீ சொன்னதும் சரிதான்.

முப்பது வருடம் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தவன் நான். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிக்கும் சிரைக்கும் உள்ள வித்தியாசத்தை என் கட்டைவிரலே அறியும். சிரையில் எடுக்க வேண்டுமானால் புஜத்தில் பட்டை கட்டி, விரலால் தடவி, மெத்தென்று அமுங்கும் இடத்தைத் தேட வேண்டும். சிரிஞ்சை மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் மெல்லிய சுவர் ஊசிமுனையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கத் தமனியில் எடுப்பது வேறு கதை. பட்டை கிடையாது. மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் ஊசி இறங்கியதும், நான் இழுக்காமலே பிஸ்டன் துடிப்புக்குத் துடிப்பு மேலேறும். செக்கச்சிவந்த ரத்தம். ஊசியை எடுத்த பிறகு ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்காவிட்டால் கை வீங்கிவிடும்.

எல்லாம் அழுத்தம் செய்யும் வேலை. பாதரச மில்லிமீட்டர் கணக்கில் தமனியில் 120/80, காலை நீட்டிப் படுத்திருக்கும்போது கைச் சிரையில் 10கூட இருக்காது. அடி வாங்குகிற குழாய்க்குத் தசையும் மீள்தன்மையும் உள்ள தடித்த சுவர் வேண்டும். சிரைக்கு அது தேவையில்லை. சுவர் மெலிது, உள்விட்டம் பெரிது. உடம்பில் இருக்கும் ரத்தத்தில் பாதிக்கும் மேல் எந்நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது.

நிறத்தை வைத்துப் பிரிக்காதே. “தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம்” என்று நாம் உருப்போட்டது நுரையீரலில் தலைகீழாகிவிடும். அங்கே ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, நிறைந்ததைத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. இதயத்திலிருந்து போனால் தமனி, இதயத்துக்கு வந்தால் சிரை, கணக்கு அவ்வளவுதான். சிரை ரத்தத்தைக் கெட்டது என்பதும் எனக்குப் பிடிக்காது. அதில் இன்னும் முக்கால் பங்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. தோலுக்கு மேலே நீலமாகத் தெரிந்தாலும் குழாயில் விழும்போது அது கருஞ்சிவப்புதான்.

இப்போது உன் கையைத் தொங்கவிடு. புறங்கைச் சிரை ஒன்று புடைக்கட்டும். விரல் பக்கமாக ஒரு புள்ளியை அழுத்திப் பிடித்து, மறுவிரலால் மணிக்கட்டை நோக்கி வழித்துவிட்டு அந்த விரலை எடு. ரத்தம் மேலிருந்து திரும்பி வராது; வழித்த இடம் தட்டையாகவே கிடக்கும். அழுத்திய விரலை எடுத்ததும் குபுக்கென்று நிறையும். திரும்பவிடாமல் தடுப்பவை உள்ளே இருக்கும் வால்வுகள். 1603இல் இத்தாலிய உடற்கூறியல் ஆசிரியர் ஃபாப்ரீசியஸ் அவற்றைப் பற்றி நூலே எழுதினார், ஆனால் எதற்கென்று பிடிபடவில்லை. அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி ஏறக்குறைய நான் சொன்ன இதே சோதனையைக் காட்டி, ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் எழுதினார். தமனியிலிருந்து சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1661இல், தவளையின் நுரையீரலில், இரண்டையும் இணைக்கும் நுண்குழாய்களான தந்துகிகளைக் கண்டார் இத்தாலிய மருத்துவர் மால்பீகி.

அண்ணனின் நெஞ்சிலும் இந்த வால்வு விவகாரம் இருக்கிறது. இதயத்தின் அடைபட்ட தமனிக்கு மாற்றுவழியாக, கால் சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். நேராக வைத்தால் வால்வுகளே வழியை அடைத்துவிடும். அப்படி வைத்த சிரை தமனியின் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி, சில மாதங்களில் சுவர் தடித்துவிடுகிறது. கூடவே தமனியின் நோயும் வந்து சேர்கிறது. காலில் இருந்தவரை கொழுப்பு படியாத அதே குழாயில் இங்கே படிய ஆரம்பிக்கும். மாத்திரையை அண்ணன் நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

என் சேதி: நின்று நின்றே வேலை பார்த்ததில் இடதுகாலில் வால்வுகள் பழுதாகி, சிரைகள் மண்புழு போலச் சுருண்டுவிட்டன. ஊரார் சிரையை எல்லாம் குத்தியவனுக்கு இது வேண்டும் என்கிறாள் மனைவி. இறுக்கமான காலுறை மாட்டிக்கொண்டு தினமும் நடக்கிறேன். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் ரத்தம் மேலே ஏறும்.

அண்ணனை உட்காரும்போது காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல். புறங்கைச் சோதனை பலித்ததா என்று எழுது.

உன் பழைய பெஞ்சுத் தோழன்