கலிபோர்னியாவில் நர்சிங் அசிஸ்டென்ட் படிக்கும் தங்கைக்கு

அம்மிணி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா, என் சித்தி, வேலந்தாவளத்தில் பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்துவிட்டார். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. “பி.காம். படிக்க வெச்சது அமெரிக்காவுக்குப் போயி அடுத்தவங்க பீ அள்ளறதுக்கா?” என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதார். நீயும் அவரோடு சண்டை போட்டு, பத்து நாளாகப் போன் எடுப்பதில்லை என்று தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், நோயாளிகளைத் துடைத்து, ஊட்டிப் பராமரிக்கும் இந்த வேலைக்குப் போகத் தயங்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்தக் கடிதத்தை அவர்களும் படிக்கட்டும்.

நம் பாட்டி, அம்மிச்சி, பக்கவாதத்தில் படுத்த வருஷம் நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் நான்தான் பைஸ்டாண்டர். நம் பக்கத்தில் நோயாளியோடு பைஸ்டாண்டர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். துடைப்பது, ஊட்டுவது, பெட்பான் வைப்பது எல்லாம் அவர் பாடு. ஆனால் அதை எப்படிச் செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் அம்மிச்சியின் இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவு சிவந்திருந்தது. வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். சில நாளில் அது தோலுரிந்து குழிப்புண் ஆகிவிட்டது. அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது படுக்கையில் கிடப்பவர்களின் வலியையும் வேதனையையும் தணிக்க வீட்டுக்கே வருபவர், வந்த பிறகுதான் விஷயமே புரிந்தது. கோழிக்கோட்டில் 1993இல் சின்னதாகத் தொடங்கிய வேலை அது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்து, இன்று பஞ்சாயத்துதோறும் வீடு தேடி வருகிறது. அந்தச் சேச்சி என்னைத் திட்டவில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கினால் அங்கே ரத்தம் ஓடாது, ஈரமும் சேர்ந்தால் தோல் சீக்கிரம் செத்துவிடும் என்று விளக்கினார். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாதாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் நேரம் எழுதி சுவரில் ஒட்டினேன். புண் ஆற நாலு மாதம் ஆனது.

அந்த ஒரு விஷயத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அம்மிச்சி அந்த வேதனையைப் பட்டிருக்கவே மாட்டார். நீ இப்போது படிப்பது அதைத்தானே?

சித்திக்கு இதைத்தான் சொல்ல முயன்றேன். அமெரிக்காவில் 1987இல் வந்த மத்தியச் சட்டப்படி, நர்சிங் ஹோமில் இந்த வேலைக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும், தேர்வும், மாநிலப் பதிவேட்டில் பெயரும் வேண்டும். (இங்கே நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அது பெரியவர்கள் தங்கிப் பராமரிக்கப்படும் இடம் என்று சித்திக்குத் தனியாக விளக்க வேண்டியிருந்தது.) உன் கலிபோர்னியாவில் இன்னும் கூடுதல்: வகுப்பில் 60 மணி நேரம், நோயாளிகளிடம் 100 மணி நேரம். ஆக, பைஸ்டாண்டராக நான் தட்டுத்தடுமாறிச் செய்ததை அங்கே படித்துத் தேறினால்தான் செய்ய விடுவார்கள்.

முதல் வாரம் முழுக்கக் கை கழுவுவதும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவதும்தான், சலிப்பாக இருக்கிறது என்று சொன்னாய். சலித்துக்கொள்ளாதே. ஒருவரைத் தொடுவதற்கு முன்னால் 16 மணி நேரம் தொற்றுத் தடுப்பு, பேசும் முறை, அவருடைய உரிமைகள் இதையெல்லாம் படித்தாக வேண்டும் என்று சட்டமே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மிச்சியின் சேலையை மாற்றும்போது நான் ஒருநாளும் கதவைச் சாத்தியதில்லை. பக்கத்து வீட்டார் வருவார்கள், பார்ப்பார்கள், “ஐயோ பாவம்” என்பார்கள். அம்மிச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அது வெட்கம் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அப்புறம், செய்முறைத் தேர்வுக்கு மாப்பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்துப் பழகு. சட்டை போடும்போது வலுவில்லாத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். நாடியை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணு. சிறுநீர் அளவைக் குனிந்து, கண் மட்டத்தில் வைத்துப் பார். ஊட்டும்போது நின்றுகொண்டு ஊட்டாதே, உட்கார். மாத்திரை, ஊசி உன் வேலை இல்லை. ஆனால் தோலில் புதுச் சிவப்பை முதலில் பார்க்கப்போவது நீதான். பார்த்த உடனே நர்ஸிடம் சொல்லிவிடு, சாயங்காலம் வரை வைத்திருக்காதே.

கட்டிய பீஸ் ரசீதையும் பத்திரமாக வை. படிப்பு முடிந்து 12 மாதத்துக்குள் மெடிகேர் அல்லது மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் வாங்கும் நர்சிங் ஹோமில் வேலை கிடைத்தால், அந்தச் செலவைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. தேர்வில் ஒரு தடவை தவறினாலும் பயப்படாதே, குறைந்தது மூன்று வாய்ப்பு உண்டு.

சித்தி அன்று ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் நான் பாலியேட்டிவ் குழுவோடு வீடுகளுக்குப் போகும் முறை. வீட்டில் தனியாக உட்காரவைக்க மனசில்லாமல் அவரையும் கூட்டிப்போனேன். மீனாட்சிபுரம் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு வீடு, கிழவர் படுக்கையில். நான் அவரை ஒருக்களித்துப் பிடிக்க, நர்ஸ் முதுகைத் துடைத்தார். கிழவர் கண்ணை மூடி “ஆ, சுகமா இருக்குதுங்க” என்றார். சித்தி கேட்காமலே வாளித் தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்தார், கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு.

திரும்பி வரும்போது ஜீப்பில் ரொம்ப நேரம் பேசவில்லை. கொழிஞ்சாம்பாறை நெருங்கும்போது, “அங்கேயும் இப்படித்தான் முதுகைத் தொடச்சு விடுவாங்களா கண்ணு?” என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், உங்கள் மகளைக் கேளுங்கள் என்றேன்.

ராத்திரி எட்டரைக்கு மேல் அவர் சும்மாதான் இருப்பார். போன் பண்ணு.

உன் அக்கா