கல் தூசி

அன்புள்ள கண்ணு,

கம்பெனிப் பங்கை விற்றுவிட்டதாக நீ சொன்ன அன்று நான் சரியாகப் பேசவில்லை. கோபம்தான். ஏழு வருஷம் ராப்பகலாகக் கட்டிய சாஃப்ட்வேரை யார் கையிலோ கொடுத்துவிட்டு, "இனி ஆபீஸ்ல வேலை செய்யறவங்க நல்லா இருக்க வழி பண்ணப் போறேன்ப்பா" என்றாய். கிரைண்டர் விற்றுப் பிழைத்தவன் நான். விற்கிற பொருளைத் தட்டிப் பார்க்க முடிய வேண்டும் எனக்கு.

அப்புறம்தான் நம் பட்டறையில் கல் கொத்திய பெரியவர் ஞாபகம் வந்தார். உனக்குச் சுடுகடலை வாங்கி வருவாரே, அவர்தான். ஊத்துக்குளிக் கல்லை உருட்டிக் கொத்துவது அவர் வேலை. சாயங்காலம் புருவமெல்லாம் வெளுத்திருக்கும். இருமல் வந்தது. நான் தினமும் ரெண்டு வாழைப்பழமும் ஓர் அச்சு வெல்லமும் வாங்கிக் கொடுத்தேன். வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நிஜமாகவே நம்பினோம். நல்ல முதலாளி என்று என்மேல் எனக்கே பெருமை வேறு.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். வெல்லம் போவது வயிற்றுக்கு, தூசி போவது நுரையீரலுக்கு. கண்ணுக்குத் தெரியாத பொடிதான் உள்ளே போய்த் தங்குமாம். கல் தூசியால் வருகிற இந்த நுரையீரல் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர்; வந்தால் நுரையீரல் பழையபடி ஆகாது. அதற்குப் பிறகுதான் கல்மேல் தண்ணீர் சொட்டக் குழாய் போட்டேன், தூசி இழுக்கிற ஃபேன் மாட்டினேன். பெரிய செலவில்லை. பெரியவருக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது. இன்றைக்கும் அதை யாரிடமும் நான் சொல்வதில்லை.

உன்னைக் கூப்பிடுகிற கம்பெனிகள் வெள்ளிக்கிழமை தியான வகுப்பு, மூச்சுப் பயிற்சி ஆப் என்றுதான் கேட்பார்கள். அது வாழைப்பழம், கண்ணு. கொடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் அங்கே தூசி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார். ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்புவது யார்? லீவு கேட்டால் முகம் சுளிப்பது யார்? வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொல்லின. எங்களுக்காவது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இருந்தது: வாரம் 48 மணி, ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு. இன்ஸ்பெக்டரைத் திட்டிக்கொண்டேதான் கடைப்பிடித்தோம் என்பது வேறு கதை.

ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே என்று ஒருவர். ஜெனாவில் ஸைஸ் கம்பெனியின் மைக்ராஸ்கோப்புக்குக் கணக்குப் போட்டவர், பிறகு பங்குதாரர். அவர் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. மகன் கொண்டுபோன மதியச் சாப்பாட்டை மெஷின் பக்கத்திலேயே நின்றபடி சாப்பிடுவாராம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை 1900-இல் தன் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலை என்று ஆக்கினார். உற்பத்தி குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது. லென்ஸ் செய்தவருக்கு வேலை நேரமும் லென்ஸ் மாதிரி அளந்து பார்க்கிற விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. இதைப் படித்த பிறகுதான் உன்மேல் இருந்த கோபம் போனது.

அம்மா இட்லிப்பொடி அனுப்பியிருக்கிறாள். உன் புது ஆபீஸில் எட்டுப் பேர் என்றாயே, அவர்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள்? நீ எத்தனை மணிக்குப் போகிறாய்? அடுத்த தடவை கூப்பிடும்போது அதை முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா