செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: வாசகர் சங்கம், காட்பாடி

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு நகல் அனுப்பப்படும்.

குடியரசு தினம், திருவள்ளுவர் தினம், நூலக அலமாரிக்கு வர்ணம் ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின.

இவ்வாண்டின் முக்கியப் பணி இந்தியா–பிரேசில் உறவு குறித்த மாதாந்திரத் தொடர். "வேலூர்க்காரனுக்கு பிரேசில் எதுக்கு சார்?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. பதில் பதிவாகட்டும்.

1948இல் பிரேசிலின் அன்றைய தலைநகர் ரியோவில் நம் தூதரகம் திறந்தது. ஆனால் 1955இல் கோவா விவகாரத்தில் போர்ச்சுகலுடன் நாம் உறவை முறித்தபோது, டெல்லியில் போர்ச்சுகலின் நலனைக் கவனித்தது பிரேசில்தான். தூதரகம் இருந்தால் நட்பு வந்துவிடாது. தூதரை அனுப்புவதற்கே முன்னதாகப் பெயரைத் தெரிவித்துச் சம்மதம் வாங்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. இந்திரா காந்தி போனது 1968இல். வியூகக் கூட்டாண்மை என்ற பெயர் கிடைக்க 2006 ஆயிற்று.

பிரேசில் இடம்பெற்ற மெர்கோசூர் என்ற தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டமைப்புடன் வரிச்சலுகை ஒப்பந்தம் 2004 ஜனவரியில் கையெழுத்தாயிற்று; அமலுக்கு வந்தது 2009 ஜூன் 1. நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து வருடம் கழித்துத் தாலி! சரக்குப் பட்டியல், பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்று தீர்மானிக்கும் விதி, தகராறு தீர்க்கும் முறை எல்லாம் பிற்சேர்க்கைகளாக 2005 வரை இழுத்தன. பிறகு அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே உட்பட நான்கு நாடுகளும் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. நாம் சலுகை தந்த 450 வரி இனங்களில் பச்சைத் தோலும் தோல் பொருட்களும் உண்டு. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்க, இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

அரங்கில் எழுந்த குழப்பம் ஒன்று: 10 சதவீதச் சலுகை என்றால் 20 சதவீத வரி 18 ஆகும், 10 ஆகாது. உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் இல்லையேல் அந்தச் சலுகையும் கிடையாது.

பிரேசிலின் 637 கிலோ அமேசானியா-1 செயற்கைக்கோளை 2021 பிப்ரவரி 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவியது பற்றிய கூட்டத்தில் உட்கார இடமில்லை. ஒப்பந்தக் கூட்டத்தில் காலி நாற்காலிகளே அதிகம். ராக்கெட் பறப்பதைப் பார்க்க வருகிறோம். அதற்குப் பின்னால் இருக்கும் காகிதத்தைப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை. அன்று வராதவர்களே பின்னர் "தொடர் வறட்சி" என்றார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம். சந்தா நிலுவை கணிசம். பெயர்களைப் பலகையில் எழுதலாம் என்ற யோசனையை, வயதில் மூத்தவர்கள் பலர் இருப்பதால், இம்முறை ஒத்திவைத்தோம்.

இடம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி உதவியவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இந்தியா–ரஷ்யா தொடர் தயாராக உள்ளது. அன்றைய சோவியத் யூனியனுடன் செய்த 1971ஆம் ஆண்டு நட்புறவு ஒப்பந்தத்தின் வாசகம்கூடத் தட்டச்சாகிவிட்டது. நகலெடுக்கக் காசில்லை. நாற்காலி அடுக்க, அழைப்பிதழ் கொண்டுசேர்க்க இளைஞர் இருவராவது முன்வந்தால் ஜூனில் தொடங்கலாம். இல்லாவிட்டால் செயலாளர் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்க விரும்பினாலும் ஆட்சேபம் இல்லை. பொருளாளர் கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.

செயலாளர்