கொங்கு மண்டலக் கல்லூரி முதல்வர்களுக்கு: அடுத்த ஊரடங்குக்கு முன்பே செய்ய வேண்டியது

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு, வணக்கம்.

2020 மார்ச்சில் விடுதிகள் காலியானபோது, நோய்ப் பயத்தோடு ‘பரீட்சை உண்டா, இல்லையா’ என்ற தவிப்பும் மாணவர்களை வாட்டியது. இறுதிப் பருவத் தேர்வைச் செப்டம்பருக்குள் நடத்தச் சொல்லி ஜூலை 6 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்தது; அதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகஸ்ட் 28 அன்றுதான் வந்தது. அதுவரை வாட்ஸ்அப் வதந்திதான் பேசியது.

முடிவெடுப்பது உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். ‘இன்னும் முடிவாகவில்லை, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மறுபடி சொல்கிறோம்’ என்று அறிவிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அன்று செய்தி போக வேண்டும்.

பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், ஒரு சீனியர் என்று பருவத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். பழகாத ஆசிரியர் திடீரென்று அழைத்தால் ‘நல்லா இருக்கேன் சார்’ என்பதற்கு மேல் பேச்சு வராது. கேட்டால் உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையே பாதி பாரத்தை இறக்கிவிடும். அது நெருக்கடி வந்த பிறகு முளைக்காது.

அழைப்பு வாரம் ஒருமுறை, பத்து நிமிடம் போதும். வருகைப்பதிவையும் ஃபீஸ் பாக்கியையும் அதில் எடுக்கவே கூடாது. எடுத்தால் அடுத்த வாரம் போனை எடுக்க மாட்டார்கள். ‘சாப்டாச்சா கண்ணு?’ என்று தொடங்குங்கள். தூக்கம், வீட்டு வருமானம் பற்றிக் கேளுங்கள். அப்பாவின் போனில் பேசும் பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் இருக்கும். ‘ஆமாங்க’, ‘இல்லைங்க’ என்று மட்டும் பதில் சொல்லும்படி கேளுங்கள். படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்பதும் அப்படித்தான் தெரியவரும். பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ போகும் பையனைத் திட்டாதீர்கள். ஷிப்ட் முடியும் நேரம் கேட்டு அழையுங்கள். தாளவாடி, பர்கூர் மலைகளில் சிக்னல் கிடைக்காதவர்களுக்குப் பாடக்குறிப்பை அச்சிட்டுத் தபாலில் அனுப்புங்கள்.

‘இருந்து என்ன பண்றது’ என்ற பேச்சு வந்தால் ஆசிரியர் தனியாகச் சமாளிக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எண்ணை அனுப்பிவிட்டு ஒதுங்காமல், கூடவே இருந்து அழைக்கச் செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மாணவரைத் தனியே விட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லி, உடனே 108-ஐ அழையுங்கள்.

சேர்க்கைப் படிவத்திலேயே இரண்டு எண்கள் வாங்குங்கள்: மாணவருடையது ஒன்று, அவர் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவருடையது இன்னொன்று. அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
மாணவர் மனநலப் பணியில் இருப்போர்