செக்குக்குள் ஒரு ராஜா

அன்புள்ள ராசாவுக்கு,

செஸ்ஸில் சொல்கிற செக்கும் பேங்க் செக்கும் ஒன்றா என்று பாப்பா கேட்டதற்கு, ‘ரெண்டும் வேற வேற’ என்று வாயை அடைத்துவிட்டாயாம். காலமெல்லாம் கவுன்டரில் உட்கார்ந்து செக் பாஸ் செய்தவள் நான், விடுவேனா? பாப்பா நினைத்ததுதான் சரி.

மூலம் பாரசீகத்து ‘ஷா’, அதாவது அரசன். நம் சதுரங்கம் அங்கே போனபிறகு, ராஜாவுக்கு ஆபத்து வந்தால் ‘ஷா’ என்று எச்சரிப்பார்கள். ஆட்டம் அரேபியர் வழியாக ஐரோப்பா போனபோது அந்தச் சொல்லும் கூடவே போய், லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்று உருமாறியது. அதன் பன்மை தேய்ந்துதான் ‘செஸ்’. ‘ஷா’வுக்கு முந்தைய வடிவம் ஈரானில் உள்ள பெஹிஸ்தூன் மலையின் பழங்காலக் கல்வெட்டில் இருக்கிறது, நம் ‘க்ஷத்திரிய’னுக்கு அது ஒன்றுவிட்ட உறவு. செக்மேட்டில் வரும் ‘மாத்’ அரபியில் ‘செத்தான்’ என்பார்கள். பாரசீகத்தில் அதற்குக் கதியற்றவன் என்று பொருள். செஸ்ஸில் ராஜாவை யார் கொல்கிறார்கள்? எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது.

பேங்க் பக்கம் வருவோம். இங்கிலாந்து ராஜாவின் வரிக்கணக்கு பார்த்த இடத்தில் பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேஜை. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, அப்புறம் இருபது, நூறு என்று பத்தி பிரித்து, அதில் வில்லைகளை அடுக்குவார்கள். ஷெரீஃப், அதாவது ஊர்ப்பக்கம் ராஜாவுக்காக வரி வசூலிக்கும் அதிகாரி, கட்ட வேண்டியது ஒரு வரிசை, கட்டியது கீழே இன்னொரு வரிசை. கழித்தால் பாக்கி கண்ணுக்கே தெரியும். ரோமன் எண்ணில் ஒரு கழித்தல் போட்டுப் பார், அந்தத் துணியின் அருமை புரியும்! 1170களில் அங்கே பொக்கிஷதாரராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதையெல்லாம் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். பார்க்கச் செஸ் பலகை மாதிரி இருந்ததால் அந்தத் துறைக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பேர். உங்கள் லண்டன் நிதியமைச்சர் இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’தானே?

செஸ்ஸில் ராஜாவைத் தடுத்த ‘செக்’, மெல்ல எதையும் தடுப்பதற்கும், பிறகு சரிபார்ப்பதற்கும் ஆகி வந்தது. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், மோசடி நடக்காமல் இருக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் அந்தப் பேர். தாளுக்கு வந்தது பிற்பாடு. பேங்க் செக்குக்கு மட்டும் ஸ்பெல்லிங்கில் ‘க்யூ’ நுழைந்ததும் எக்ஸ்செக்கரைப் பார்த்துத்தான். அமெரிக்கக்காரர்கள் அந்த வம்பே வேண்டாமென்று இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்.

பாப்பாவுக்கு முத்தம்.

அம்மா