கத்திகளைக் காரில் ஏற்றாதே, தம்பி

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனிக் காற்று ஆரம்பித்துவிட்டது, பட்டறையில் தூசி தாங்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் தாளில் எழுதி, உன் தங்கையை விட்டுப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடைசிவரை படி.

நீ சேர்த்து வைத்திருக்கிற பட்டன் கத்திகளின் படங்கள் எல்லாம் வந்தன. அந்த எருமைக் கொம்புப் பிடி போட்ட இத்தாலிக் கத்தியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பித்தளை முகப்பும் கொம்பும் சேருகிற இடத்தில் ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கிற முளை அலகின் அடித்துளையிலிருந்து எழும்பி வழி விடுகிறது, மடங்கிக் கிடந்த பட்டை ஸ்பிரிங் அலகைத் தள்ளுகிறது என்று நீ படம் வரைந்து காட்டியிருந்தாய். நீ வரைந்தே காட்டியிருக்க வேண்டாம், பார்த்ததுமே புரிந்தது. லீவர் பூட்டில் நாங்கள் நாளெல்லாம் செய்கிற வேலைதானே அது, ஒன்றைப் பிடித்து வைப்பதும் சரியான இடத்தில் அழுத்தினால் விடுவதும். மானியாகோ என்கிற அந்த இத்தாலி ஊரில் 1453இல் வெட்டிய வாய்க்கால் தண்ணீரில் உலைச் சம்மட்டிகளை ஓட்டி, அன்றிலிருந்து கத்தி செய்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலில் இருக்கிற ஊர் என்றால் எனக்கு மரியாதை தானாக வரும். நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் அலிகார் பூட்டு சந்தையைப் பிடித்துவிட்டது.

படம் வந்த நேரத்தையும் பார்த்தேன். இங்கே மதியம் இரண்டரை. அங்கே டாலஸில் விடிகாலை நான்கு மணி. அதற்கு முந்தின படமும் அப்படித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவுக்கு வீடு மாற்றப் போவதாக மருமகள் அம்மாவிடம் சொன்னாளாம். பெரிய சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு நீங்கள் காரிலேயே போகிறீர்களாம். ஏன் திடீரென்று என்று அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கத்திகளைக் காரில் ஏற்றாதே. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை மதுரையில் சீனியர் வக்கீலிடம் இருக்கிற வேலைக்கு நடுவே உங்கள் ஊர்ச் சட்டங்களை அச்செடுத்து, எனக்குத் தமிழில் விளக்கிச் சொன்னாள். டெக்சஸில் பட்டன் கத்தி வைத்திருப்பது 2013 செப்டம்பரிலிருந்து குற்றமில்லை. அது எனக்கும் தெரியும், நீதான் அப்போது சொன்னாய். ஆனால் டாலஸிலிருந்து 20ஆம் எண் சாலையில் போய் 10இல் ஏறி, எல் பாசோவைத் தாண்டினால் நியூ மெக்சிகோ. அந்த மாநிலத்தில் பட்டன் கத்தி கையில் இருப்பதே குற்றம். விற்க வேண்டாம், யாரையும் மிரட்ட வேண்டாம், வைத்திருந்தாலே போதும். லாஸ் குரூசஸ் தாண்டியதும் மேற்கே போகிற வண்டிகளை எல்லைக் காவல்காரர்கள் நிறுத்தி, எந்த நாட்டுக்காரன் என்று கேட்கிற சோதனைச் சாவடி வேறு இருக்கிறது. நீ இந்தியன் என்பாய், விசாத் தாளை நீட்டுவாய், பின்சீட்டில் பேரன் தூங்குவான், டிக்கியில் அந்தப் பெட்டி இருக்கும். நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை.

1958 ஆகஸ்ட் 12இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டத்தையும் படித்துக் காட்டினாள். மாநிலம் விட்டு மாநிலம் வியாபாரத்துக்குக் கொண்டுபோனால் 2,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. அரசாங்கத் தபாலில் அனுப்பலாம் என்றும் நினைக்காதே, அதுவும் தடை. போன தடவை வந்தபோது வடக்கே ராம்பூரில் செய்கிற ராம்பூரிக் கத்தி ஒன்று வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டாயே, நல்லவேளை வாங்கவில்லை. உங்கள் சுங்கத்தில் பிடுங்கியிருப்பார்கள். அந்த ராம்பூர்க்காரர்கள் கதையும் பாவம். 4.5 அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்று அரசாங்கம் சொன்னதும் பட்டறைகள் படுத்துவிட்டன. இப்போது 2023இல் நாற்சந்தியில் 20 அடி உயரத்துக்கு ஒரு கத்தியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செய்கிறவன் கையில் வேலை கொடுக்காமல் சிலை வைத்து என்ன பயன்?

அந்த 1958 சட்டம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் போன சிப்பாய்கள் இத்தாலியிலிருந்து இவற்றை வாங்கிவந்ததும், 1950இல் ஒரு பெண்கள் பத்திரிகை பயமுறுத்திக் கட்டுரை போட்டதும், சினிமாவில் வருகிற ரவுடிப் பையன்களெல்லாம் இதையே வைத்துக்கொண்டு திரிந்ததும் சேர்ந்துதான் சட்டமாயிற்று என்று நீ வாதாடுவாய். நானும் ஒத்துக்கொள்கிறேன். நம்ம அடுப்படிக் கத்திக்கு இதைவிட நீளம் அதிகம். 1892லேயே ஜார்ஜ் ஷ்ரேட் என்கிற தொழிலாளி பட்டன் கத்திக்குக் காப்புரிமை வாங்கியதும், போரில் பாராசூட்டில் குதிக்கிறவர்கள் கயிறு சிக்கினால் ஒரு கையால் அறுத்துக்கொள்ள அவன் கம்பெனிக் கத்தியைச் சட்டைக் கழுத்துப் பையில் வைத்திருந்ததும் எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஒரு கை இல்லாதவர்கள் மூன்று அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கும் இருக்கிறதாம். எழுதியவனுக்குக் கொஞ்சமாவது மனசு இருந்திருக்கிறது. ஆனால் தம்பி, நியாயம் பேச அந்த ஊர்க் குடிமகனுக்கு உரிமை உண்டு. மாசாசூசெட்ஸில் 2024இல் பெரிய கோர்ட் அந்த மாநிலத்துப் பட்டன் கத்தித் தடையை ரத்து செய்துவிட்டது என்று சந்தோஷமாக அனுப்பியிருந்தாய். அது மாசாசூசெட்ஸுக்கு. நீ எச்-1பி வேலை விசாவில் இருக்கிறாய். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறாய். உன்மேல் ஒரு சின்ன வழக்கு விழுந்தாலும் அந்தக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

எதிர்வீட்டுப் பையனுக்குப் போன வருஷம் வேலை போயிற்று. அவனும் அங்கே உன்னைப் போல எச்-1பிதான், வேறு வேலை தேட 60 நாள் கெடு. அவன் கடைசி வாரம்வரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். அவன் அப்பா என்னிடம் அழுதார். திட்டியிருக்க மாட்டேனே, சொல்லியிருக்கலாமே என்றார். அது அவர்கள் வீட்டு விஷயம். ஞாபகம் வந்தது, எழுதினேன்.

கத்திகளை என்ன செய்யலாம் என்றால், உன்கூடப் படித்தவன் ஆஸ்டினில் இருக்கிறான் அல்லவா, அவன் வீட்டில் வைத்துவிடு. டெக்சஸுக்குள்ளே கொண்டுபோய்க் கொடுப்பதில் தொந்தரவு இல்லை. கலிபோர்னியாவில் இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ அலகு இருந்தால் உடம்பில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது, வெளியே நிற்கிற காரில் உட்காருகிற பக்கம் வைக்கக்கூடாது, விற்கக்கூடாது, இரவல்கூடத் தரக்கூடாது. விற்க வேண்டிய நிலை வந்தால் டெக்சஸிலேயே விற்றுவிடு. விற்க வேண்டிய நிலை என்று ஏன் எழுதினேன் என்று கேட்காதே. எழுதிவிட்டேன்.

ஆனால் முடிந்தவரை விற்காதே. ஸ்பிரிங் முறிந்துபோய்க் கிடந்த அந்தப் பழைய கத்திக்கு நீயே பட்டை வெட்டி, ராவி, பதம் பார்த்து மாட்டியதாக அனுப்பிய வீடியோவை நம்ம பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். மூத்த கைக்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, அரம் பிடிக்கிற கை அப்பன் கை என்றார். இந்தப் பட்டறையில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் படிக்கப் போனவன் நீ. எட்டாம் வகுப்பில் மாங்காய்ப் பூட்டைப் பிரித்து ஒரு லீவரும் மிச்சம் வராமல் திரும்ப மாட்டினவனும் நீதான். அந்தக் கை எங்கேயும் போகவில்லை என்று தெரிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு நான் சொன்னதில்லை.

அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். பெரியப்பா காரியத்துக்கு டிக்கெட் விலை அதிகம் என்று வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. அதே மாசம் அலகு முன்பக்கமாக நேராகப் பாய்கிற கத்தி ஒன்று வாங்கிப் படம் அனுப்பினாய். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். பணம் உன்னுடையது, கேட்க எனக்கு உரிமை இல்லை. அம்மாவுக்கு ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருக்கலாம்.

அந்த நேராகப் பாய்கிற கத்தியின் வேலைப்பாடு மட்டும் எனக்கு இன்னும் வியப்புதான். கட்டைவிரலால் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் இழுபடுகிறது, சும்மா இருக்கும்போது அலகின்மேல் அழுத்தம் இல்லை, வழியில் எதிலாவது முட்டினால் பாதியிலேயே தளர்ந்து நின்றுவிடும் என்றாய். அதில் ஒரு புத்தி இருக்கிறது. பக்கவாட்டில் திறக்கிற இத்தாலிக் கத்தி அப்படி இல்லை. மூடியிருக்கிற நேரமெல்லாம் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. நடுவில் தடுப்பது அந்தச் சின்ன முளையும் தள்ளு தாழ்ப்பாளும்தான். பேரனுக்கு இப்போது கட்டைவிரலில் பலம் வந்துவிட்டது. போன தடவை வீடியோவில் அவனுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடி அலமாரி தெரிந்தது. அதில் பூட்டு இல்லை. பூட்டுக்காரன் வீட்டுப் பிள்ளையின் அலமாரியில் பூட்டு இல்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஏழு லீவர் போட்டு நானே ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு மாமா ஆவணியில் டாலஸ் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் நீங்கள் அங்கிருந்து கிளம்பிவிடுவீர்களா? அதையாவது சொல்.

இன்னொன்று. முத்துச்சிப்பி மாதிரி மின்னுகிற பிடி போட்ட பழைய கத்திகள் இரண்டு வைத்திருக்கிறாய். அவை செல்லுலாய்ட், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். நாளாக ஆக அதிலிருந்து அமில வாயு கசியும், பக்கத்தில் இருக்கிற நல்ல எஃகையும் துருப்பிடிக்க வைத்துவிடும், தீயும் சட்டென்று பிடிக்கும். மற்றவற்றோடு சேர்த்து மூடிய பெட்டியில் வைக்காதே. தனியாக, காற்றாட வை. கொம்புப் பிடியை வெயில் படுகிற இடத்தில் வைக்காதே, வெடிக்கும். ஆஸ்டின்காரனிடமும் இதையெல்லாம் சொல்லிக் கொடு. எண்ணெய் ஒரு சொட்டு போதும், அதிகமானால் தூசியைப் பிடித்துக்கொள்ளும். காரில் மட்டும் ஏற்றாதே.

அம்மா சொல்லச் சொன்னாள்: வழியில் ராத்திரி ஓட்டக்கூடாதாம், மருமகளை ஓட்டவிட்டு நீ தூங்கக்கூடாதாம், சாப்பாடு கட்டிக்கொண்டு போகணுமாம். மருமகள் தினம் அம்மாவிடம் பேசுகிறாள், நல்ல பெண். ஆனால் நீ எங்கே என்று கேட்டால் தூங்குகிறார் என்கிறாள். அங்கே காலை பத்து மணிக்கு, வேலை நாளில்.

தம்பி, பட்டறை ஓடுகிறது. பெரிய லாபம் இல்லை, ஆனால் ஓடுகிறது. வங்கியில் உன் தங்கை கல்யாணத்துக்கு எடுத்து வைத்தது போகக் கொஞ்சம் தனியாக இருக்கிறது. மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். பேரனுக்கு இங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, இப்போதுதான் திறந்திருக்கிறார்கள். ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

வருகிற ஞாயிறு, இங்கே காலை ஆறு மணிக்குக் கூப்பிடு. உனக்கு அது சனிக்கிழமை ராத்திரி ஏழரை. அந்த நேரத்தில் அம்மா அபிராமி கோயிலுக்குப் போயிருப்பாள், உன் தங்கை எழுந்திருக்க மாட்டாள். நான் பட்டறையில் தனியாகத்தான் இருப்பேன். கத்தியைப் பற்றிப் பேச வேண்டும் என்று இல்லை.

அப்பா