கழற்றி எடுக்கும் சீட்டையே வாங்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று, காரின் பின்னிருக்கையில் ஒருமுறை பொருத்தினால் குழந்தைக்கு நான்கு வயதாகும் வரை அங்கேயே இருந்துவிடும் சீட். மற்றது, கைப்பிடி வைத்தது, குழந்தையோடு சேர்த்துக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய சீட். ‘எதும்மா நல்லது?’ என்று ஒரே வரி எழுதியிருந்தாய். பொங்கலுக்குப் பிறகு நீயாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு ஒரே வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கழற்றி எடுக்கும் சீட்டையே வாங்கு. ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படி, மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

நான்கு வயது வரை உழைக்கும் என்று விற்கும் சீட், நான்கு வயதுக் குழந்தைக்கும் இடம் விட்டுச் செய்தது. மாநகராட்சி மகப்பேறு மனையில் நான் வேலை பார்த்த காலத்தில் என் கையில் வாங்கிய குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டரை கிலோவுக்கும் மூன்று கிலோவுக்கும் இடைப்பட்டவை. அவ்வளவு சிறிய உடம்பை அந்தப் பெரிய சீட்டில் கிடத்தினால் இரு பக்கமும் இடைவெளி விழும். அதைவிட முக்கியமாக, தோள்வார் சரியாக அமையாது. பின்னோக்கி, அதாவது காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்காரும் குழந்தைக்கு வார் தோளுக்கு நேராகவோ, தோளுக்குச் சற்றுக் கீழிருந்தோ புறப்பட வேண்டும். அது காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தால், இடிக்கும்போது குழந்தை சீட்டின் முதுகோடு மேலே சறுக்கிவிடும். கழற்றும் சீட் கைக்குழந்தைக்கென்றே செய்யப்பட்டதால், அதில் வார் தாழ்வாக வரும், உட்குழிவும் சிறியதாக இருக்கும். நிலையாகப் பொருத்தும் சீட்டுகளிலும் பிறந்த குழந்தைக்கென உள்மெத்தை வைத்து நன்றாகச் செய்தவை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்காதே; பெட்டியின்மேல் எத்தனை சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தையிலிருந்து என்று அச்சிட்டிருக்கிறது என்று பார். 40 என்றோ 45 என்றோ தொடங்கினால் சரி.

அடுத்தது மூச்சு. இதை நீ ஒருபோதும் மறக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அதைத் தாங்கும் வலு கழுத்துக்கு இன்னும் வந்திருக்காது. சீட் நிமிர்ந்திருந்தால் தூக்கத்தில் தலை முன்னே தொங்கி, தாடை மார்பில் பதிந்து, மூச்சுக்குழாய் மடங்கிவிடும். குழந்தை அழாது, முகம் சுளிக்காது. பார்ப்பவர்களுக்கு அயர்ந்து தூங்குவதாகவே தோன்றும். அதனால் சீட் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே உன் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கடையில் தனியாக விற்கும் கழுத்துத் தலையணை எதையும் வாங்கி முட்டுக் கொடுக்காதே. சீட்டோடு வந்த மெத்தை மட்டும் போதும். 37 வாரம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புமுன் சீட்டில் உட்காரவைத்து மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனித்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அகாதெமி. உனக்கு அப்படி நேராது; ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்.

சம்பந்தியம்மா, ‘இதெல்லாம் எதற்கு, நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்’ என்று அன்போடுதான் சொல்வார்கள். நானும் உன்னை ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். அன்று எங்களுக்கு வேறு வழி தெரியாது. இன்று தெரிகிறது. உன் அப்பா காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், மூன்று கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட பளுவைத் தாங்க வேண்டும். எந்தப் பாட்டியின் கையும் அதைத் தாங்காது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அவர்களிடம் சட்டத்தைச் சொல். என் பெயரைச் சொல்லாதே.

உன் கேள்வியை நான் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்காதே. நிலையான சீட்டுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. ஒருமுறை இறுக்கமாகப் பொருத்தினால் அது பொருத்தினபடியே இருக்கும். கழற்றுவதையோ ஒவ்வொரு பயணத்துக்கும் மாட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் தவறு செய்ய இடம் உண்டு. அவசரத்தில், மழையில், குழந்தை அலறும்போது, அது பாதி மாட்டியும் நிற்கும். அதனால் கார் பின்சீட்டின் இடுக்கில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் என்னும் இரும்புக் கொக்கிகளில் பூட்டிக்கொள்ளும் பேஸும் சேர்த்து வாங்குங்கள். பேஸ் காரிலேயே இருக்கும்; சீட்டை அதன்மேல் அழுத்தினால் ‘டக்’ என்று விழுந்து பச்சைக் குறி தெரியும். குறி சிவப்பாக இருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது. பேஸுக்குத் தாங்குகால் இருந்தால், அது ஊன்றும் இடத்தில் காரின் தரைக்கடியில் சாமான் வைக்கும் பள்ளம் இருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். பள்ளத்து மூடியின்மேல் கால் நின்றால் அது தாங்காது. எல்லாம் மாட்டிய பிறகு பெல்ட்டோ கொக்கியோ பிடிக்கும் இடத்தில் கையை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது.

முன்சீட்டில் வைக்க வேண்டாம். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை வைத்தால், ஏர்பேக் விரியும்போது குழந்தையின் தலைக்குப் பின்னால் நேராக வந்து அறையும். குழந்தை கண்ணெதிரே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை ஆசைப்படுவார். வேண்டாம். நீ பின்னால் குழந்தை பக்கத்தில் உட்கார். தாடை மார்பில் பதிகிறதா என்று பார்த்துக்கொண்டே வா.

கழற்றும் சீட்டில் எனக்குப் பயமும் உண்டு. அதைத் தொட்டிலாக்கிவிடுவார்கள். காரில் தூங்கிய குழந்தையை எழுப்ப மனமில்லாமல் சீட்டோடு வீட்டுக்குள் கொண்டுவந்து, வார்களைத் தளர்த்தி, கூடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். தளர்ந்த வாரில் குழந்தை சரிந்து கழுத்து இறுகலாம். காரில் சாய்வாக இருந்த சீட் தரையில் வேறு கோணத்தில் நிற்கும். மேசைமேலோ கட்டில்மேலோ வைத்தால் கவிழும். வீடு வந்ததும் குழந்தையை எடுத்துத் தட்டையான படுக்கையில் மல்லாந்து படுக்க வை. விழித்து அழுதால் அழட்டும். இன்னொன்று, அந்தச் சீட்டே நான்கு கிலோ வரும், குழந்தை மூன்று கிலோ. ஒருவேளை சிசேரியன் ஆனால் ஆறு வாரத்துக்குக் குழந்தையைத் தவிர வேறெந்தப் பாரத்தையும் நீ தூக்கக் கூடாது. கைப்பிடி இருக்கிறதே என்று தூக்கிவிடாதே. அது மாப்பிள்ளையின் வேலை.

பிரசவம் அங்கே பெங்களூரில்தான் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்ததை நான் சம்பந்தியம்மா சொல்லித்தான் அறிந்தேன். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நீ படித்தவள், ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனியாகப் போய், அறிக்கையை நீயே வாசித்துப் புரிந்துகொள்கிறாய் என்று இங்கே எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெங்களூரிலிருந்து இங்கே வர நினைக்கும்போது பச்சைக் குழந்தையோடு காரில் புறப்பட்டுவிடாதே. கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் என்று 350 கிலோமீட்டர் சாலை அது. எந்தச் சீட்டானாலும் கைக்குழந்தை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் இருக்கக் கூடாது; முதல் மாதத்தில் அரை மணி நேரமே அதிகம். ரயிலில் வா. சென்ட்ரலில் இறங்கினால் தண்டையார்பேட்டை வரை மெட்ரோ இருக்கிறது. கொருக்குப்பேட்டை கேட்டில் காத்துக் கிடக்க வேண்டாம், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வரவும் வேண்டாம். எப்போது என்று நான் கேட்கவில்லை.

கழற்றும் சீட்டை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்துக்கொண்டு உனக்கு யோசனை சொல்வது நியாயமாகாது. பொருத்திவைத்த சீட் உங்கள் காரோடு பெங்களூரிலேயே இருந்துவிடும். கழற்றுவது இங்கேயும் வரும். நீங்கள் ரயிலில் வந்தாலும் தம்பியின் காரில் மாட்டிக்கொண்டு தடுப்பூசிக்கும் கோயிலுக்கும் போய்வரலாம். ஆகவே நீ வாங்கும் சீட் பேஸ் இல்லாமல் சாதாரண சீட் பெல்ட்டிலும் மாட்டக்கூடியதாக இருக்கட்டும். கழற்றும் சீட்டுகள் எல்லாவற்றையும் அப்படி மாட்ட முடியாது, கேட்டு வாங்கு. தம்பியின் கார் பழையது, ஐசோஃபிக்ஸ் கிடையாது. பின்சீட் பெல்ட்டின் பக்கிள்கள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. நாம் யாரும் இத்தனை வருடத்தில் அவற்றைப் பார்த்ததே இல்லை. போன வாரம் உன் அப்பா கவரைப் பிரித்து, விரலை விட்டு இரண்டையும் வெளியே எடுத்து, தூசியைத் துடைத்து, பெல்ட்டின் உலோக நாக்கை நுழைத்துப் பூட்டிப் பூட்டிப் பார்த்தார். ஒன்று விழுந்தது, ஒன்று விழவில்லை. அதை மாற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறோம். நீ படம் அனுப்பியதை நான் அவரிடம் சொன்னேனே தவிர, இதைச் செய்யச் சொல்லவில்லை.

கொளத்தூர் சித்தி மகள் தன் பிள்ளையின் சீட்டைத் தருகிறேன் என்கிறாள். நல்ல மனசு. ஆனால் மாதவரம் பக்கம் அவர்கள் கார் இடிபட்டபோது அந்தச் சீட் உள்ளே இருந்தது. ஒருமுறை இடி வாங்கிய சீட்டின் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். அது அடுத்த இடியைத் தாங்காது. அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன், நீ எதுவும் சொல்ல வேண்டாம்.

கழற்றும் சீட் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றேகால் வருடம் வரும். பெரும்பாலானவை 13 கிலோவோடு முடிந்துவிடும், உயரத்தில் குழந்தை அதற்கு முன்பே அதை மிஞ்சிவிடும். அதன்பிறகு நீ முதல் படத்தில் காட்டிய நிலையான சீட்டை வாங்கு. அப்போதும் உடனே முன்னோக்கித் திருப்பிவிடாதே. குழந்தை சீட்டுகளுக்கான ஆர்129 என்னும் ஐ.நா. விதி 15 மாதம் நிறையும் வரை பின்னோக்கியே இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேலும் சீட் அனுமதிக்கும் வரை அப்படியே வைத்திருப்பது கழுத்துக்கு நல்லது. இரண்டு செலவு என்று மாப்பிள்ளை தயங்குவார். முதல் சீட் எங்கள் செலவு. தாய்வீட்டுச் சீராக வைத்துக்கொள். இதற்கு மறுப்புச் சொல்லாதே.

வெயில் நேரத்தில் காரில் ஏற்றுமுன் பக்கிளின் உலோகத்தைக் கையால் தொட்டுப் பார். குழந்தையைத் துண்டால் சுற்றிவிட்டு அதன்மேல் வாரைப் போடாதே. வாரைப் பூட்டி, தோளருகே கிள்ளிப் பார்த்து, விரலில் மடிப்பு சிக்காத அளவுக்கு இறுக்கிய பிறகு மேலே துணி போர்த்து. தாடையை மறக்காதே. முன்சீட்டை மறந்தும் நினைக்காதே.

ஒன்பதாம் மாதம் தொடங்குமுன் சீட்டை வாங்கிவிடுங்கள். கடைக்காரரிடம் உங்கள் காரிலேயே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். பெல்ட் சீட்டைச் சுற்றி வந்து பூட்ட நீளம் போதவில்லையென்றால் அந்தச் சீட் வேண்டாம். தம்பி காரின் பெல்ட் நீளத்தை உன் அப்பா தாளில் குறித்து வைத்திருக்கிறார். அவரையே கூப்பிட்டுக் கேட்டுக்கொள். வாங்கியதும் ஒரு பொம்மையை வைத்து நீயும் மாப்பிள்ளையும் தனித்தனியாக மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. வார் எந்த உயரத்தில் வருகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா